கையேட்டின் மொழியும் தாயின் மொழியும்

மருத்துவத்தின் கூறுகள் நான்கு என்று வகுத்தார் வள்ளுவர். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து மருந்தளிப்பவர் என்பன அந்நான்கு. நூலின் பயனை அவர் அறியாதவர் அல்லர். அவ்வதிகாரத்தின் முதற்குறளிலேயே மருத்துவ நூலோரைச் சுட்டுகிறார். எனினும் கூறுகளை எண்ண முற்பட்டபோது நோயுற்றவரை முதலில் வைத்தார். நூலைத் தனிக் கூறாக எண்ணவில்லை. நூல் பிணியாளர்க்குச் சென்று சேர்வது, உடனிருப்பவரின் அறிவினாலும் நாவினாலுமே என்பதை அவ்வரிசை சொல்லாமற் சொல்லுகிறது.

இக்காலத்துச் சுகாதார நிலையங்களில் அந்த வரிசை தலைகீழாகிவிடும் அச்சம் உண்டு. அதற்குத் தெளிவான சான்று குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசனை மேசையாகும். அங்கு வந்து அமரும் பெண் நோயாளியும் அல்லள். தன் உடலைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் ஒரு முடிவெடுக்க வந்தவள். தாதியின் கையிலே தடித்த கையேடு இருக்கிறது. அக்கையேடு நல்லது, உலக அறிஞர் பலர் கூடி ஆய்ந்து எழுதியது. ஆனால் அது தாதிக்காக எழுதப்பட்டது, தாய்க்காக எழுதப்பட்டதன்று. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் பணி மொழிப்பணி. அப்பணி நடைபெறாத இடத்தில், "அனைத்தும் அறிந்து தேர்ந்தெடுத்தார்" என்று பதிவேட்டில் எழுதுவது பொய்ச்சான்றே ஆகும்.

மேசையின் இரு பக்கங்கள்

பங்சார் என்னும் பெயரே ஒரு ரப்பர்த் தோட்டத்தோடு பிறந்தது. புங்கே, கிரிசார் என்னும் ஐரோப்பிய முதலாளிகள் இருவரின் பெயர்கள் இணைந்து அவ்வாறு மருவின என்பர். அத்தோட்டத்தில் பால்வெட்டியவர்களும், அருகிருந்த பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்து ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்தவர்களும் பெரும்பாலும் தமிழர்களே. இன்று பங்சாரின் முகப்பில் விலையுயர்ந்த உணவகங்கள் நிற்கின்றன. சற்று அப்பால் பந்தாய் டாலாமிலும் கெரிஞ்சியிலும் அடுக்குமாடி வீடுகளில் தமிழ்க் குடும்பங்கள் நெருங்கி வாழ்கின்றன. பொதுச் சுகாதாரக் கழகமும் நெடுங்காலம் பங்சார்ச் சாலையிலேதான் இயங்கி, அண்மை ஆண்டுகளிலேதான் செத்தியா ஆலாமுக்குச் சென்றது. சுகாதார அறிவும் தமிழ்த் தொழிலாளர் வாழ்வும் இவ்வளவு அருகருகே இருந்த இடம் வேறு ஏது? அருகிலிருந்தவை ஒன்றையொன்று அறிந்தனவா என்பதே கேள்வி.

அத்தகைய குடியிருப்பு ஒன்றிலிருந்து சுகாதார நிலையத்துக்கு வரும் தாய் ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். இஃது எந்த ஒரு நிலையத்தின் கதையும் அன்று, எங்கும் நிகழக்கூடியது. அவளுக்கு அகவை முப்பத்து நான்கு. பிள்ளைகள் மூவர். இனிப்புநீர் நோய் உண்டு. கடையிலும் பேருந்திலும் பேசப் போதுமான மலாய் அவளுக்குத் தெரியும். தாதி மேசைக்கு அப்பால் அமர்ந்திருக்கிறார். இருவருக்கும் இடையில் மொழிபெயர்ப்பாளராக நிற்பது யார்? தமிழ்ப்பள்ளிச் சீருடையோடு வந்திருக்கும் பதினொரு வயது மகள்!

கையேடு கேட்கச் சொல்லும் வினாக்கள் எளியவை அல்ல. பெண் கருவுற்றிருக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ள ஆறு வினாக்கள் அடங்கிய பட்டியல் ஒன்று அதில் உண்டு. குழந்தை பிறந்து நான்கு வாரங்களுக்குள் ஆகிறதா, ஏழு நாள்களுக்குள் மாதவிலக்கு வந்ததா, கருச்சிதைவு நேர்ந்ததா, கடைசி மாதவிலக்குக்குப் பின் கணவனோடு உறவு கொண்டாளா என்பன போன்ற வினாக்கள் அவை. இவற்றுள் எதை ஒரு தாய் தன் பெண் குழந்தையின் வாய்வழியே கேட்டு விடையளிப்பாள்? அவள் தலையசைப்பாள், எல்லாவற்றுக்கும் "இல்லை" என்பாள். தாதி கட்டங்களில் குறியிடுவார். கையேட்டின் விதி நிறைவேறிற்று. ஆனால் உண்மை வெளிவரவே இல்லை.

மகளை விடுத்து, தானே வாய்திறந்து பேசத் துணிந்தாலும் இடர் தீர்ந்தபாடில்லை. தமிழ்ப்பெண் தன் உடலைப் பற்றிப் பேசும் மொழி மறைமொழி. "மூன்று மாதமாகக் குளிக்கவில்லை" என்றால் அவள் கருவுற்றிருக்கிறாள் என்பது பொருள். "முழுகாமல் இருக்கிறேன்" என்பதும் அதுவே. "வீட்டுக்குத் தூரம்" என்றால் மாதவிலக்கு. இவற்றைச் சொல்லுக்குச் சொல் மலாயில் பெயர்த்தால் கிடைப்பது குளியலறைச் செய்தியும் தொலைவுக் கணக்குமே. தமிழ்ப்பெயர் தாங்கிய தாதியரிலும் தேசிய மொழியிலேயே பயின்று வளர்ந்த இளையோர்க்கு இம்மறைமொழி எட்டுவதில்லை. பிழை அவர்களுடையதன்று. அவர்களுக்கு அதைக் கற்பித்தவர் யார்?

கையேடு சொல்வதும் சொல்லாததும்

கையேட்டைப் பழிப்பது நோக்கமன்று. அதன் சிறப்பை முதலில் அறிதல் வேண்டும். எந்தெந்த உடல்நிலையில் எந்தெந்தக் கருத்தடை முறை தகும் என்பதை உலகச் சுகாதார நிறுவனம் 1996ஆம் ஆண்டில் நான்கு படிகளாக வகுத்து வெளியிட்டது. பின்னர்ப் பலமுறை திருத்தியது. முதற்படியில் தடையேதும் இல்லை. இரண்டாம் படியில் பயன் மிகுதி, பொதுவாகத் தரலாம். மூன்றாம் படியில் கேடு மிகுதி. வேறு வழியில்லாத போதன்றித் தருதல் ஆகாது. நான்காம் படியில் தரவே கூடாது. மருத்துவர் இல்லாத சிற்றூர் நிலையங்களில் முதலிரண்டு படிகளைத் "தரலாம்" என்றும், பின்னிரண்டையும் "தரலாகாது" என்றும் கொள்ளச் சொன்னது. 2005ஆம் ஆண்டில், மேசைமேல் நிறுத்தி வைக்கும் படமடல் ஒன்று வந்தது. அதன் ஒரு பக்கம் பெண்ணை நோக்கும். மறுபக்கம் தாதியை நோக்கும். முடிவெடுப்பவள் அவளே என்பது அதன் அடிப்படை. 2007ஆம் ஆண்டில் உலகப் பொதுக்கையேடு வெளிவந்தது. 2018, 2022 ஆகிய ஆண்டுகளிலும் புதுப்பிக்கப்பட்டது.

இத்தகைய நூல் ஒன்று தாதியரை எத்தனையோ மூடக் கருத்துகளிலிருந்து விடுவித்திருக்கிறது. குழந்தை பெறாத பெண்ணுக்குக் கருப்பை வளையம் ஆகாது, இரத்தச் சோதனை செய்யாமல் மாத்திரை தரலாகாது என்பன போன்ற காரணமற்ற தடைகளை அது தகர்த்தது. எந்த முறை எவ்வளவு காக்கும் என்பதை ஒளிவுமறைவின்றி எண்ணால் உரைத்தது. மாத்திரையை நாள் தவறாமல் விழுங்கினால் ஓராண்டில் நூறு பேரில் ஒருவர்கூடக் கருவுறுவதில்லை. நடைமுறையில் மறதியும் சேர்வதால் ஏறத்தாழ எழுவர் கருவுறுகின்றனர் என்கிறது. பெண்ணுக்குச் செய்யும் அறுவை மருத்துவத்துக்குப் பின்னும் முதலாண்டில் ஆயிரத்தில் ஐவர் கருவுறக்கூடும் என்பதையும் அது மறைக்கவில்லை.

இனி, மேற்கூறிய இனிப்புநீர் நோயுள்ள தாயை மீண்டும் நினைவுகூர்தல் வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அந்நோய் இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. ஆகவே அவள் அரிய எடுத்துக்காட்டு அல்லள். அடுத்த வீட்டுப் பெண். அவளுக்கு இருவகைச் சுரப்புநீர் கலந்த கருத்தடை மாத்திரை தகுமா? நோய் வந்து இருபது ஆண்டு ஆகாமலும், கண், சிறுநீரகம், நரம்பு, இரத்தக்குழாய் ஆகியவை பழுதுறாமலும் இருந்தால் அஃது இரண்டாம் படி. அவை பழுதுற்றிருந்தால் மூன்றாம் அல்லது நான்காம் படி. செம்புக் கம்பி சுற்றிய வளையமோ நோய் எந்நிலையில் இருப்பினும் முதற்படி. நோய் கட்டுக்குள் வராத நிலையில் கருவுற்றால், வயிற்றுப் பிள்ளையின் உறுப்புகள் கோணலாக உருவாகும் இடரும் உண்டு. ஆக, "எத்தனை ஆண்டாக நோய்? கண் மங்குகிறதா? கால் மரத்துப் போகிறதா?" என்ற மூன்று தமிழ் வினாக்களில் ஒரு பெண்ணின் நலமும் ஒரு குழந்தையின் நலமும் தொங்கிக் கொண்டிருக்கின்றன. கையேடு விடையை வைத்திருக்கிறது. வினாவைத் தமிழில் கேட்க அதற்கு வாய் இல்லை.

மற்றொன்று. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போடும் ஊசியால் பலருக்கு மாதவிலக்கு நின்றுவிடும். அது தீங்கன்று, இரத்தம் உள்ளே சேர்ந்து தங்குவதும் இல்லை என்று பெண்ணுக்கு விளக்குமாறு கையேடு பணிக்கிறது. தமிழ்ப்பெண்ணோ, மாதந்தோறும் வெளியேறுவது கெட்ட இரத்தம், வெளியேறாவிட்டால் அது தலைக்கேறும் என்று பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவள். மாத்திரை விழுங்கினால் "உடம்புக்குச் சூடு" என்பதும் அவள் அறிந்த மருத்துவம். சூடு, குளிர்ச்சி, கெட்ட இரத்தம் என்னும் இச்சொற்களை எடுத்து அவற்றுக்கு விடை கூறாத ஆலோசனை அவள் காதில் ஏறாது. அவள் வாதிட மாட்டாள். அடுத்த ஊசிக்கு வரமாட்டாள். அவ்வளவுதான். "வரத் தவறியவர்" என்று பதிவேடு அவளைக் குறிக்கும். உண்மையில் தவறியவர் யார்?

யாருக்காகக் கட்டுப்பாடு?

கையேட்டை மறைத்துவிட்டு மேலிடத்து ஆணையை மட்டும் ஓதிய காலங்களும் உண்டு. இந்நாட்டில் முதற் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் 1953ஆம் ஆண்டில் சிலாங்கூரில் தோன்றியது. 1966ஆம் ஆண்டில் அரசு தேசியக் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியத்தை அமைத்து, மக்கள்தொகை வளர்ச்சியை மூன்று விழுக்காட்டிலிருந்து 1985ஆம் ஆண்டுக்குள் இரண்டாகக் குறைக்கத் திட்டமிட்டது. "குறையப் பெறுக" என்று தாதியர் வீடுதோறும் சென்று கூறினர். 1984ஆம் ஆண்டில் காற்று திசைமாறிற்று. 2100ஆம் ஆண்டுக்குள் ஏழு கோடி மக்கள் என்பது நாட்டின் இலக்காயிற்று. வாரியத்தின் பெயரும் மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் என்றாயிற்று. "இயன்றால் ஐந்து பெறுக" என்ற குரல் எழுந்தது. இருபது ஆண்டுகளுக்குள் அறிவுரை தலைகீழாயிற்று. அவ்விரு அறிவுரைகளையும் கேட்ட பெண் ஒருத்தியே. அவள் கருப்பை எல்லாருடைய கணக்கிலும் இருந்தது. அவளுடைய கணக்கு யாருடைய ஏட்டிலும் இல்லை.

இந்தியாவில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77ஆம் ஆண்டில் மட்டும் எண்பது லட்சத்துக்கு மேற்பட்டோர்க்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது, பெரும்பாலோர் ஆண்கள், பலர் அச்சுறுத்தப்பட்டவர்கள். 1994ஆம் ஆண்டின் கெய்ரோ மாநாட்டுக்குப் பின், 1996ஆம் ஆண்டில்தான் இலக்கு நிர்ணயிக்கும் முறையை அந்நாடு கைவிட்டது. அச்சுறுத்தலால் சினமுற்ற ஆண்கள் விலகிக் கொள்ள, சுமை முழுவதும் பெண்கள்மீது சாய்ந்தது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் அறுவை செய்துகொண்டவர்கள். ஆண் அறுவையோ நூற்றில் ஒன்றுகூட இல்லை. கையேட்டில் ஆண்களுக்கான இயலும் உண்டு. பெண்ணுக்குச் செய்வதைவிட எளிய அறுவை அது என்றும், மூன்று மாதம் கழித்தே பயன் தரும் என்றும் அவ்வியல் கூறுகிறது. அவ்வேட்டைப் புரட்டும் கைகள்தாம் மிகக் குறைவு.

1929ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்து சென்ற பெரியார், அக்காலத்திலேயே இதன் வேரைக் கண்டு கூறினார். பெண்ணின் உடல்நலத்துக்காகவும் நாட்டின் உணவு நிலைக்காகவும் பிறர் கருத்தடையை வேண்டினர். அவரோ பெண்ணின் விடுதலைக்காக வேண்டும் என்றார். அவர் பிரித்துக் காட்டிய அந்தக் கோடே இன்றும் அளவுகோல். ஆலோசனை மேசையில் பேசப்படுவது நாட்டின் கணக்கா, நிலையத்தின் கணக்கா, அப்பெண்ணின் விருப்பமா?

மூன்று மறுப்புகள்

"மூன்று தலைமுறையாக இங்கு வாழ்பவளுக்கு மலாய் தெரியாதா?" என்று கேட்பாரும் உளர். தெரியும். மீன் வாங்கும் மலாயும், வாடகை கட்டும் மலாயும் தெரியும். நாட்டுமொழியைக் கற்பது குடிமக்களின் கடமை, அதில் ஐயமில்லை. ஆயினும் வலியையும் வெட்கத்தையும் மனிதர் தாய் பேசிய மொழியிலேயே உணர்கின்றனர். தேர்வில் சிறப்புத் தகுதி பெற்றவர்களும் பல்வலி வந்தால் தாய்மொழியிலேயே முனகுகின்றனர்.

"இது மருத்துவர் வேலை, தமிழாசிரியர்க்கு இதில் என்ன?" என்பது இரண்டாவது. சொற்களை ஆக்குவதும், பொருளை எளிதாக்குவதும், கேட்போர் நிலையறிந்து கூறுவதும் யாருடைய கலை? ஆசிரியக் கையேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வகுப்பில் வரிவரியாகப் படித்துக் காட்டும் பயிற்சி ஆசிரியரை எந்த விரிவுரையாளரும் தேர்ச்சி செய்ய மாட்டார். கையேடு ஆசிரியர்க்கு, பாடம் மாணவர்க்கு. இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவைக் கடப்பதே கற்பித்தல். தாதியின் பணியும் அதுவே. வரிசையில் நாற்பது பேர் காத்திருக்கும்போது அத்தொலைவைத் தாமே கடக்க அவருக்கு நேரமும் இல்லை, தமிழும் இல்லை. துணை செய்யக் கடமைப்பட்டவர்களோ ஒதுங்கி நிற்கின்றனர்.

ஒதுங்கி நிற்காதவர்களும் சில நேரம் இடர் செய்கின்றனர். "கருப்பையகக் கருத்தடைச் சாதனம்" என்று தூய தமிழில் மொழிபெயர்த்துவிட்டு மகிழ்கின்றனர். ஆங்கிலத்தைவிட அரிதான அத்தமிழ் எத்தாய்க்கு விளங்கும்? "கருப்பைக்குள் வைக்கும் வளையம், வேண்டாதபோது எடுத்துவிடலாம்" என்றால் விளங்கும். கலைச்சொல் ஆக்குவது புலமை. ஆக்கிய சொல்லைப் பாமரப் பெண்ணிடம் சொல்லிப் பார்த்து, அவள் முகம் மலர்கிறதா சுளிக்கிறதா என்று நோக்குவது அதனினும் பெரிய புலமை. அகத்திணை ஐந்தையும் நாணாது கற்பிக்கும் தமிழ், கருப்பை என்ற சொல்லுக்கு மட்டும் நாணுவது என்ன முறை?

மூன்றாவது மறுப்பே மிகவும் வலியது. ஆசிரியர் அறைகளிலேயே கேட்பது. "இந்தியரின் பிறப்பு வீதம் வீழ்ந்துவிட்டது. 2010ஆம் ஆண்டளவில் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்த தமிழ்ப்பள்ளி மாணவர் தொகை எண்பதாயிரம் அளவுக்கு இறங்கிவிட்டது. பள்ளிகள் மூடப்படும் நிலையில் கருத்தடைக்குத் தமிழ் ஆக்கித் தருவதா? தன் தலையில் தானே மண் போடுவதா?" என்பது அது.

கவலை உண்மையானது, அதனை எள்ளி நகையாடுதல் தகாது. பத்துப் பிள்ளைகள் மட்டும் நிற்கும் காலைக்கூட்டத்தைக் கண்ட எவருக்கும் நெஞ்சு கனக்கும். ஆனால் அதிலிருந்து பெறும் முடிவு பிழையானது. பெண்ணை இருளில் வைத்துப் பெறும் பிள்ளைகளால் மொழி வாழாது. மொழி அறியாத காரணத்தால் வேண்டாத கருவைச் சுமந்து, நோய் முற்றி, வறுமை மிகும் குடும்பம் தன் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கே அனுப்பும் என்பதற்கு என்ன உறுதி? அன்றியும், கையேடு கூறுவது பெறாதே என்பதன்று. எப்போது பெறுவது, எவ்வளவு இடைவெளி விடுவது, நோயைக் கட்டுக்குள் வைத்து நலமாகப் பெறுவது எவ்வாறு என்பதையும் அது கூறுகிறது. பிள்ளையின்றி வருந்துவோர்க்கும் அதில் வழி உண்டு. வேண்டும் என்று பெறும் உரிமையும் வேண்டாம் என்று நிறுத்தும் உரிமையும் ஒரே உரிமை. 1966இலும் 1984இலும் அரசு தன் எண்ணிக்கைக்காகப் பெண்ணை நோக்கியது தவறு என்றால், பள்ளி தன் நாற்காலிகளை நிரப்ப அவளை நோக்குவது மட்டும் எப்படி அறமாகும்?

செய்யத்தக்கவை

முதலாவதாக, குழந்தைகளை மொழிபெயர்ப்பாளராக நிறுத்தும் வழக்கம் ஒழிதல் வேண்டும். எந்த நிலையத்திலும் பயிற்சி பெற்ற பெண் ஒருவர், நேரிலோ தொலைபேசியிலோ, தமிழில் துணைபுரிய ஏற்பாடு செய்வது இக்காலத்தில் அரியதன்று. தமிழ்ப்பள்ளி மாணவி வகுப்பைத் தவறவிட்டுத் தாயோடு சுகாதார நிலையத்துக்குச் செல்வதை அறியும் ஆசிரியர், அதனை வருகைப் பதிவேட்டில் மட்டும் குறித்துவிட்டு அமைதல் கூடாது.

இரண்டாவதாக, மேசைமேல் நிற்கும் படமடலுக்குத் தமிழ் வேண்டும். அது பங்சாரிலும் கிள்ளானிலும் பேசப்படும் தமிழாக இருத்தல் வேண்டும். தாய்மார்கள் பேசும் மறைமொழிகளைத் தொகுத்து, அவற்றுக்கு நேரான மலாய்ச் சொற்களோடு தாதியர் கையில் தரும் சிறு சொற்பட்டியல் ஒன்று, பல மேடைச் சொற்பொழிவுகளைவிட மேலானது. ஆசிரியர்களும் எழுத்தாளர் சங்கங்களும் ஒரு விடுமுறைக் காலத்தில் முடிக்கக்கூடிய பணி அது. வரைவை முதலில் படித்துத் திருத்த வேண்டியவர்கள் அத்தாய்மார்களே.

மூன்றாவதாக, ஆசிரியர் பயிற்சி பெறும் மாணவர்க்கு ஒரு பயிற்சி தரலாம். மருத்துவக் கையேட்டின் ஒரு பக்கத்தை எடுத்து, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டிக்கு விளங்குமாறு பேச்சில் கூறச் செய்தல் வேண்டும். அதில் தேறியவரே தமிழ் கற்றவர்.

கையேடுகள் இனியும் புதுப்பிக்கப்படும், எண்கள் மாறும், புதிய ஊசிகளும் புதிய மாத்திரைகளும் வரும். மாறாதது ஒன்று உண்டு. மேசைக்கு இப்பால் ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் சீருடை அணிந்த சிறுமி ஒருத்தி, தனக்குப் புரியாத ஒரு கேள்வியைத் தாயிடம் எப்படிக் கேட்பது என்று திகைத்து நிற்கிறாள். அச்சிறுமிக்குத் தமிழ் கற்பித்தவர்களே, அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய சுமையை அவள் தோளிலிருந்து இறக்கி வைக்கவும் கடமைப்பட்டவர்கள்.